2007 மாடல் சின்ன டிஜிட்டல் கேமரா: செத்துப்போச்சுன்னு நெனச்சத ஓட வெச்சு ஆறு மாசம் பயன்படுத்தின ரிவ்யூ

அக்காவோட பழைய கேமரா இது, 2007-ல வாங்கினது, பீரோ அடித்தட்டுல துணிக்கு அடியில வருஷக்கணக்கா கெடந்திருக்கு, அத அக்கா பொண்ணு தோண்டி எடுத்துட்டு வந்து என் கையில குடுத்தா. பவர் பட்டன அமுக்கினோம், ஒண்ணுமே இல்ல, ஒரு சின்ன லைட் கூட எரியல. "சித்தி, இது செத்துப்போச்சா?"ன்னு கேட்டா. எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. ஆனா அன்னைக்கு ஆரம்பிச்சு ஒவ்வொரு பிரச்சினையா தீத்து, இப்ப ஆறு மாசமா அந்த கேமரா என் பையிலயேதான் இருக்கு. அதனால இத ரிவ்யூவாவும் எடுத்துக்கங்க, வீட்டுல இதே மாதிரி ஒண்ணு தூங்கிட்டு இருந்தா அத எழுப்பறது எப்படிங்கறதுக்கும் எடுத்துக்கங்க.

கம்பெனி பேரு வேணும்னேதான் சொல்லல. 2003-ல இருந்து 2010 வரைக்கும் வந்த காம்பாக்ட் கேமரா எத எடுத்தாலும் உள்ள இருக்கற அமைப்பு கிட்டத்தட்ட ஒண்ணுதான், வர்ற நோயும் ஒண்ணுதான். என் கையில இருக்கறது 7.1 மெகாபிக்சல், 3 மடங்கு ஆப்டிகல் ஜூம், 2.5 இன்ச் ஸ்கிரீன், சிசிடி சென்சார் (வெளிச்சத்த படமா மாத்தற சில்லுல பழைய வகை), எஸ்டி கார்டு, சின்ன லித்தியம் பேட்டரி. மேல கண்ண வெச்சு பாக்கற குட்டி வியூஃபைண்டர் ஓட்டையும் இருக்கு, இந்த ஓட்டை எவ்வளவு பெரிய வரம்னு அப்புறம் சொல்றேன்.

மொதல்ல பேட்டரி. பழைய கேமரா ஆன் ஆகலன்னா பெரும்பாலும் கேமரா மேல தப்பே இருக்காது, பேட்டரிதான். லித்தியம் பேட்டரிய முழுசா காலியான நெலமையில வருஷக்கணக்கா போட்டு வெச்சா அதோட வோல்டேஜ் ரொம்ப கீழ எறங்கிடும், எறங்கினதும் உள்ள இருக்கற பாதுகாப்பு சர்க்யூட் கதவ சாத்திக்கும், அப்புறம் சார்ஜர்ல போட்டாலும் லைட்டு வேகமா கண்ண சிமிட்டுமே தவிர சார்ஜ் ஏறாது. என்னுது அப்படித்தான் சிமிட்டுச்சு. மல்டிமீட்டர் வெச்சு பாத்தா 3.7 வோல்ட் காட்ட வேண்டிய பேட்டரி 1 வோல்ட்டுக்கும் கீழ காட்டுச்சு. ஒயர் வெச்சு வேற பேட்டரியில இருந்து உசுரு குடுக்கற வித்தையெல்லாம் வீடியோல காட்டுவாங்க, தயவுசெஞ்சு செய்யாதீங்க, லித்தியம் பேட்டரி தீப்பிடிச்சா அணைக்கறது லேசுப்பட்ட காரியம் இல்ல. பேட்டரிய டேபிள் மேல படுக்க வெச்சு ஒரு ஓரத்துல சுண்டி பாருங்க, பம்பரம் மாதிரி சுத்துச்சுன்னா நடுவுல வீங்கியிருக்குன்னு அர்த்தம். வீங்கினத அப்பவே ஓரங்கட்டிடுங்க, பேட்டரி சேகரிக்கற எடத்துல குடுங்க, குப்பைத்தொட்டியில போடாதீங்க.

புது பேட்டரி ஆன்லைன்ல வாங்கினேன். அதுல ஒரு ஏமாற்றம் நடந்துச்சு, அதையும் சொல்லிடறேன். ஒரிஜினல் பேட்டரி மேல 760 மில்லிஆம்ப் அவர்னு, அதாவது எவ்வளவு சார்ஜ் புடிக்கும்னு, போட்டிருந்துச்சு, நான் வாங்கின வேற கம்பெனி பேட்டரில 1800-ன்னு போட்டிருந்துச்சு, அதே சைஸ், எடை கூட கொஞ்சம் கம்மி. சந்தோஷமா வாங்கினேன், 50 போட்டோ எடுக்கறதுக்குள்ள ஆஃப் ஆயிடுச்சு. அந்த சைஸ் பேட்டரில அவ்வளவு அடைக்கவே முடியாது, பழசுல போட்டிருக்கற நம்பர விட ரெண்டு மடங்கு போட்டிருந்தா அது பொய்னு எடுத்துக்கங்க. ரெண்டாவது தடவ அடக்கமா 800-ன்னு போட்டிருந்தத வாங்கினேன், இன்னைக்கு வரைக்கும் அதுதான் ஓடுது, ஒரு சார்ஜுக்கு 150 போட்டோக்கு மேல வருது. ஸ்கிரீன அணைச்சுட்டு வியூஃபைண்டர் ஓட்டை வழியா பாத்து எடுத்தா இன்னும் நெறைய வருது, வரம்னு சொன்னது இதத்தான், ஏன்னா இந்த கேமராக்கள்ல பேட்டரிய தின்னறதே ஸ்கிரீனும் ஃபிளாஷும்தான்.

புது பேட்டரி போட்டும் ஆன் ஆகலன்னா உடனே மனச விட்டுடாதீங்க, ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு, பேட்டரி தொடற எடத்துல இருக்கற அந்த தங்க நெற தகடுகள். பஞ்சு குச்சில ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்டு கேமரா பக்கமும் பேட்டரி பக்கமும் தொடைங்க. ரெண்டு, பேட்டரி மூடி. மூடி சரியா மூடியிருக்கான்னு பாக்க உள்ள ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும், மூடில இருக்கற பிளாஸ்டிக் மூக்கு அத அமுக்கினாதான் கேமராக்கு பவர் போகும். அந்த மூக்கு ஒடஞ்சிருந்தா கேமரா முழு ஆரோக்கியமா இருந்தும் பொணம் மாதிரி கெடக்கும். நெறைய பேரு இத தெரியாமயே கேமராவ தூக்கி போட்டிருப்பாங்கன்னு நெனைக்கும்போது எனக்கு நெசமாவே வருத்தமா இருக்கு. என் கேமராலயும் அந்த மூக்கு பாதி தேஞ்சுதான் இருக்கு, அங்க ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்ட ஒட்டி வெச்சிருக்கேன்.

பென்டார்ச் செல் போடற மாதிரி, அதான் டபுள் ஏ செல், அந்த வகை கேமரா வெச்சிருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. சாதா ஆல்கலைன் செல் போட்டு பத்து போட்டோல தீந்துபோச்சு, கேமரா பழுதுன்னு முடிவு கட்டாதீங்க. ஃபிளாஷ் சார்ஜ் ஆகும்போதும் லென்ஸ் வெளிய வரும்போதும் கேமரா ஒரே இழுப்பா நெறைய கரண்ட் இழுக்கும், ஆல்கலைன் செல்லால அந்த வேகத்துக்கு குடுக்க முடியாது, வோல்டேஜ் சரிஞ்சதும் கேமரா பேட்டரி காலின்னு நெனச்சுக்கும். ரீசார்ஜ் பண்ற நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் செல் 1.2 வோல்ட்தான்னாலும் அந்த இழுப்புக்கு தாக்கு பிடிக்கும், அதப் போட்டதும் அதே கேமரா நூத்துக்கணக்குல எடுக்கும். உள்ளயே செல்ல விட்டு அது கசிஞ்சு ஸ்பிரிங் மேல வெள்ளையா உப்பு பூத்திருந்தா, பஞ்சு குச்சில கொஞ்சமா வினிகர் தொட்டு தேய்ச்சா நுரைச்சுட்டு கரையும், அப்புறம் ஆல்கஹால் போட்டு தொடைச்சு நல்லா காய விட்டுட்டு செல் போடுங்க.

ஆன் ஆனதும் தேதி கேக்கும். ஒவ்வொரு தடவையும் கேட்டுச்சுன்னா உள்ள கடிகாரத்துக்குன்னு இருக்கற குட்டி செல் தீந்துபோச்சுன்னு அர்த்தம். சில மாடல்ல பேட்டரி அறைக்குள்ளயே ஒரு சின்ன டிரேல பட்டன் செல் இருக்கும், இழுத்தா வந்துடும், மாத்திக்கலாம். சிலதுல உள்ளயே ரீசார்ஜ் ஆகற செல்ல சால்டர் பண்ணி வெச்சிருப்பாங்க, சார்ஜ் ஏறின பேட்டரிய போட்டு ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டா அதுவும் ஏறிக்கும். அது மொத்தமா போயிருந்தா தேதி நிக்காது, போட்டோ எடுக்கறதுக்கு எந்த தடையும் இல்ல.

இப்ப கார்டு கதைக்கு வர்றேன், ஏன்னா இதுலதான் நான் ரெண்டு நாள் தலைய பிச்சுக்கிட்டேன். வீட்டுல இருந்த 32 ஜிபி கார்ட போட்டேன், கார்டு எர்ரர். வேற 32 ஜிபி போட்டேன், அதே எர்ரர். கம்ப்யூட்டர்ல ஃபார்மட் பண்ணி போட்டேன், அதே எர்ரர். கார்டு அழகா உள்ள போகுது, கிளிக்னு உக்காருது, ஆனா கேமராக்கு அது என்னன்னே தெரியல. விஷயம் என்னன்னா பாக்க ஒரே மாதிரி இருந்தாலும் எஸ்டி கார்டுல பல தலைமுறை இருக்கு. 1999-ல அறிவிச்ச சாதா எஸ்டி, 2 ஜிபி வரைக்கும். 2006-ல வந்தது எஸ்டிஹெச்சி, 4-ல இருந்து 32 ஜிபி வரைக்கும். 2009-ல வந்தது எஸ்டிஎக்ஸ்சி, 64 ஜிபில இருந்து ஆரம்பம். சாதா எஸ்டில கேமரா ஒரு எடத்த கேக்கும்போது இத்தனாவது பைட்டுன்னு எண்ணி கேக்கும், எஸ்டிஹெச்சில இத்தனாவது கட்டுன்னு கேக்கணும், ஒரு கட்டுக்கு 512 பைட்டு. பழைய கேமராக்கு பைட்டு கணக்கு மட்டும்தான் தெரியும், அதனால பெரிய கார்டோட பேசவே முடியாது. 32 ஜிபி கார்டுல 2 ஜிபிக்கு மட்டும் பார்ட்டிஷன் போட்டா போதும்னு சிலர் சொல்வாங்க, நானும் செஞ்சு பாத்தேன், நடக்கல, நடக்கவும் நடக்காது, ஏன்னா பிரிச்சு போட்டாலும் கார்டோட பாஷை மாறாதுல்ல.

அதனால 2 ஜிபியோ அதுக்கு கீழயோ இருக்கற கார்டு தேடுங்க. 2 ஜிபி மைக்ரோ எஸ்டி அடாப்டரோட கெடச்சாலும் நல்லாவே வேலை செய்யும், என்கிட்ட அப்படி ஒண்ணு இருக்கு. 2 ஜிபி பத்துமான்னு யோசிக்காதீங்க, இந்த கேமரால ஒரு போட்டோ 3 எம்பி சொச்சம்தான், 600 போட்டோ பக்கம் புடிக்கும். உங்க கேமரா கொஞ்சம் புதுசு, எஸ்டிஹெச்சி லோகோ கார்டு மூடிக்குள்ளயோ மேனுவல்லயோ இருக்குன்னா 32 ஜிபி வரைக்கும் போகலாம், ஆனா 4 ஜிபியோ 8 ஜிபியோ போதும்னு என் கருத்து, பழைய கேமரா பெரிய கார்ட படிச்சு முடிச்சு ரெடியாக நேரம் எடுக்கும்.

கார்டு லாக்னு வந்தா கார்டோட இடது ஓரத்துல இருக்கற குட்டி சுவிட்ச மேல தள்ளுங்க. அது தொளதொளன்னு ஆகி உள்ள போகும்போதே தானா கீழ எறங்கிட்டா, அந்த பள்ளத்துல ஒரு துளி டேப் ஒட்டினாலும் போதும். எஸ்டிக்கு பதிலா எக்ஸ்டி கார்டு, மெமரி ஸ்டிக்னு வேற வகை கார்டு போடற கேமரான்னா உங்களுக்கு கஷ்டம் கொஞ்சம் ஜாஸ்தி, அந்த கார்டுகள பழசா தேடித்தான் வாங்கணும், எக்ஸ்டி அதிகபட்சமே 2 ஜிபிதான் வந்துச்சு. புதுசா பழைய கேமரா ஒண்ணு வாங்கலாம்னு இருக்கறவங்க எஸ்டி போடற மாடலா பாத்து வாங்குங்கன்னு நான் அடிச்சு சொல்வேன்.

கார்டு விஷயத்துல ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கங்க. கேமரா கூடவே அக்காவோட பழைய 512 எம்பி கார்டும் இருந்துச்சு, அத போட்டதும் கார்டு எர்ரர், ஃபார்மட் பண்ணவான்னு கேட்டுச்சு, கீழ ஓகேன்னு இருந்துச்சு. அக்கா பொண்ணு விரல கொண்டு போயிட்டா, நான் கைய புடிச்சு நிறுத்தினேன். கார்ட வெளிய எடுத்து அதோட பின்பக்க தகடுகள பென்சில் அழிக்கற ரப்பரால லேசா தேய்ச்சு, தூள ஊதி விட்டு, ஆல்கஹால்ல தொடைச்சு, கம்ப்யூட்டர்ல கார்டு ரீடர் வழியா போட்டேன். 231 போட்டோ. அப்பா இருக்காரு, பழைய வீடு இருக்கு, அக்கா பொண்ணு கைக்குழந்தையா இருக்கா. எல்லாத்தையும் ரெண்டு எடத்துல காப்பி எடுத்ததுக்கு அப்புறம்தான் கார்ட திரும்ப கேமராக்குள்ள போட்டேன், இப்ப எர்ரர் வரல. ஃபார்மட் குடுத்திருந்தா அந்த நிமிஷம் என்ன ஆயிருக்கும்னு நெனச்சாலே இன்னும் வயித்த கலக்குது. அப்படி யாராவது தெரியாம குடுத்துட்டீங்கன்னாலும் உடனே கேமராவ ஆஃப் பண்ணி கார்ட எடுத்துடுங்க, அதுல ஒரு போட்டோ கூட புதுசா எடுக்காதீங்க. ஃபோட்டோரெக் மாதிரி இலவச சாஃப்ட்வேர் இருக்கு, மேல புதுசா எதுவும் எழுதாத வரைக்கும் பெரும்பாலும் திரும்ப எடுத்துடலாம்.

கேபிள் விஷயம் இங்கயே முடிச்சுடறேன். பழைய யுஎஸ்பி கேபிள தேடி அலையாதீங்க, சில கம்பெனி அவங்களுக்குன்னே தனி முனை வெச்சிருந்தாங்க, கெடைக்காது. கார்டு ரீடர் ஒண்ணு போதும். இன்னொண்ணு, கம்ப்யூட்டர்ல எடிட் பண்ணின போட்டோவையோ பேரு மாத்தின போட்டோவையோ திரும்ப கார்டுல போட்டா கேமரா காட்டாது, அது கேமரா பழுதில்ல, ஃபோல்டருக்கும் ஃபைல் பேருக்கும் ஒரு கட்டுப்பாடு இருக்கு, அதுல அடங்காதத அது கண்டுக்காது.

அடுத்தது லென்ஸ். இத பத்திதான் நெறைய எழுதணும்னு நெனச்சேன், ஏன்னா இந்த வகை கேமராவ கொல்றது இதுதான். ரெண்டாவது வாரம் ஒரு நாள் ஆன் பண்ணேன், லென்ஸ் பாதி வெளிய வந்துச்சு, கர்ர்ர்னு ஒரு சத்தம், திரும்ப உள்ள போக பாத்துச்சு, முடியாம பாதியிலயே நின்னுடுச்சு, ஸ்கிரீன்ல லென்ஸ் எர்ரர்னு காட்டிட்டு ரெண்டு தடவ பீப் அடிச்சு ஆஃப் ஆயிடுச்சு. கேனானோட பழைய மாடல்கள்ல இதையே ஈ18-ன்னு காட்டும், மத்தவங்க வேற வேற வார்த்தையில சொல்வாங்க. அர்த்தம் ஒண்ணுதான், லென்ஸ் போக வேண்டிய எடத்துக்கு போயி சேரல.

காரணம் மூணுல ஒண்ணா இருக்கும். பேட்டரி பலம் பத்தாம மோட்டார் பாதியிலயே நிக்கறது, ஒண்ணுக்குள்ள ஒண்ணா மடங்கற அந்த குழாய்களுக்கு நடுவுல மணலோ தூசியோ மாட்டறது, இல்லன்னா கீழ விழுந்தோ பைக்குள்ள தானா ஆன் ஆகி லென்ஸ் வெளிய வர முடியாம முட்டியோ பல்சக்கரம் தடம் மாறறது. மொத ரெண்டையும் வீட்டுலயே சரி பண்ணிடலாம். மூணாவது கஷ்டம்.

நான் செஞ்சத அப்படியே சொல்றேன். பேட்டரிய கழட்டி கொஞ்ச நேரம் விட்டு, முழு சார்ஜ் ஏத்தி போட்டேன். சரியாகல. அப்புறம் ரப்பர் பல்பு மாதிரி இருக்கற ப்ளோயர எடுத்து, லென்ஸ் கீழ பாக்கற மாதிரி கேமராவ கவுத்து புடிச்சு, குழாய் இடுக்கு எல்லாத்துலயும் சுத்தி சுத்தி ஊதினேன். வாயால ஊதாதீங்க, எச்சில் ஈரம் உள்ள போயிடும். கேன்ல வர்ற காத்தும் வேணாம், அதுல இருக்கற திரவம் சில நேரம் அப்படியே பீச்சிடும், வேகமும் ஜாஸ்தி, தூசிய இன்னும் உள்ள தள்ளிடும். ஊதினதும் கவுத்தபடியே ஆன் பண்ணேன், கொஞ்சம் கூடுதலா வந்துச்சு, திரும்ப மாட்டிக்கிச்சு. அப்புறம் ஒரு கெட்டியான தாள நீளமா வெட்டி, குழாய்க்கும் குழாய்க்கும் நடுவுல இருக்கற இடுக்குல விட்டு மெதுவா வட்டமா ஓட்டினேன், ஒரு எடத்துல தட்டுச்சு, அங்கயே ரெண்டு மூணு தடவ ஓட்டினதும் ஒரு மணல் துகள் தாளோட வெளிய வந்துச்சு. ஒரே ஒரு துகள். திரும்ப ஊதிட்டு ஆன் பண்ணேன், லென்ஸ் முழுசா வந்து நின்னுச்சு. எனக்கு அன்னைக்கு இருந்த சந்தோஷம் புது கேமரா வாங்கின அன்னைக்கு கூட இருந்ததில்ல.

அது நடந்தது ஜனவரில, அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் அந்த எர்ரர் வரல. கடற்கரைக்கு எடுத்துட்டு போனா ஜிப் போட்ட உறைக்குள்ள வெக்கறேன், மணல் பறக்கற எடத்துல லென்ஸ வெளிய நீட்டறதே இல்ல.

லென்ஸ கையால புடிச்சு இழுக்கறது, தரையில தட்டறது இதெல்லாம் செய்ய சொல்லி நெறைய பேரு சொல்றாங்க. ஆன் ஆகும்போது ரெண்டு விரலால லேசா தாங்கி உதவறது வரைக்கும் சரி, பலம் குடுத்தா பிளாஸ்டிக் பல்லு ஒடஞ்சு, சரியாக இருந்த கொஞ்ச நஞ்ச வாய்ப்பும் போயிடும். குழாய் ஒரு பக்கமா சாஞ்சு நிக்குதுன்னா உள்ள தடத்துல இருந்து கழண்டிருக்குன்னு அர்த்தம், அத தெரிஞ்சவங்க கிட்ட குடுங்க. லென்ஸ் மாட்டிட்டு கெடந்தாலும் பழைய போட்டோ பாக்கணும்னா பவர் பட்டனுக்கு பதிலா பிளே பட்டன அமுக்கி ஆன் பண்ணிப் பாருங்க, நெறைய மாடல்ல லென்ஸ் வெளிய வராமலே ஸ்கிரீன் மட்டும் எரியும், கேமராவோட மூளை உசுரோட இருக்கான்னு தெரிஞ்சுக்கவும் அது நல்ல வழி.

லென்ஸ் முன்னாடி மூடித் தெறக்கற அந்த மெல்லிசான இமை பாதியில நிக்குதுன்னா, ஆஃப் பண்ணிட்டு மிருதுவான பிரஷ்ஷால ஓரத்துல இருக்கற அழுக்க எடுத்தாலே போதும். எண்ணெய் கிண்ணெய் விட்டுடாதீங்க, கண்ணாடி மேல பரவி படமே மங்கிடும்.

தெறந்து பாக்கலாமான்னு கேட்டீங்கன்னா, வேண்டாம். கெஞ்சி கேட்டுக்கறேன், பழக்கம் இல்லாம ஸ்குருவ கழட்டாதீங்க. ஃபிளாஷுக்குன்னு உள்ள ஒரு கப்பாசிட்டர் இருக்கு, சுண்டு விரல் சைஸ்தான், ஆனா 300 வோல்ட் பக்கம் சேத்து வெச்சிருக்கும், பேட்டரிய கழட்டி ரொம்ப நேரம் ஆனாலும் அது அப்படியே இருக்கலாம். சின்ன கேமராதானேன்னு கைய விட்டவங்க தூக்கி வீசின மாதிரி ஷாக் வாங்கியிருக்காங்க. இந்த ரிவ்யூல நான் சொன்னது எதுக்குமே கேமராவ தெறக்க தேவையில்ல.

இனி படத்துல வர்ற கோளாறுகள். எந்த போட்டோ எடுத்தாலும் ஒரே எடத்துல மங்கலா ஒரு புள்ளி வந்தா, சென்சார் மேலயோ உள் லென்ஸ் மேலயோ தூசி. வெளுத்த வானத்த பாத்து ஒண்ணு எடுத்தா தெளிவா தெரியும். ஃபிளாஷ் போட்டு எடுக்கும்போது மட்டும் வெள்ளை வெள்ளையா வட்டம் மெதக்குதுன்னா, ஒவ்வொரு போட்டோலயும் எடம் மாறுதுன்னா அது காத்துல இருக்கற தூசி, ஃபிளாஷ் லென்ஸுக்கு ரொம்ப பக்கத்துல இருக்கறதால அதோட வெளிச்சம் பட்டு திரும்புது, கேமரால ஒரு குத்தமும் இல்ல. ஸ்கிரீன்ல சூரியனையோ லைட்டையோ காட்டும்போது மேலருந்து கீழ வரைக்கும் ஊதா கலர்ல ஒரு கோடு விழுந்தா பயப்படாதீங்க, சிசிடி சென்சாரோட சுபாவம் அது, வீடியோல வரும், போட்டோல பொதுவா வராது. ஸ்கிரீன்ல எல்லாம் சரியா தெரியுது ஆனா எடுத்த போட்டோ மட்டும் வெளுத்து கோடு கோடா வருதுன்னா, இல்ல மொத்தமா கருப்பா வருதுன்னா, ஷட்டர், அதான் உள்ள வெளிச்சத்த மூடித் தெறக்கற இதழ், ஒட்டிக்கிட்டிருக்கு. கொஞ்ச நேரம் பத்திருபது போட்டோ தொடந்து எடுத்தா சில நேரம் தானா விட்டுடும், இல்லன்னா அது சர்வீஸ் வேலை.

பழைய போட்டோ எல்லாம் நல்லா தெரியுது, ஆனா புதுசா எடுக்க போனா ஸ்கிரீன் கருப்பா இருக்கு, இல்லன்னா படம் நெளிஞ்சு ஊதாவா ஓடுதுன்னா சென்சாரே போயிடுச்சுன்னு சந்தேகப்படலாம். 2005 கடைசில கேனான், நிக்கான், சோனி உட்பட பல கம்பெனிங்க இத ஒத்துக்கிட்டு அறிவிப்பு வெளியிட்டாங்க, சோனி தயாரிச்ச சில சிசிடிகள்ல உள்ள இருக்கற மெல்லிசான ஒயர் இணைப்பு சூட்டுலயும் ஈரப்பதத்துலயும் விட்டுப்போச்சு, அப்ப இலவசமா மாத்தியும் குடுத்தாங்க. அதனால 2002-ல இருந்து 2004 வரைக்கும் உள்ள மாடல் வாங்கறீங்கன்னா, ஒரு போட்டோ நேர்ல எடுத்து பாக்காம வாங்காதீங்க.

பூஞ்சைய மறந்துடக்கூடாது. டார்ச் அடிச்சு லென்ஸுக்குள்ள சாய்வா பாருங்க, சிலந்தி வலை மாதிரி கெளை கெளையா தெரிஞ்சா பூஞ்சை. லேசா இருந்தா படத்துல தெரியாது, ஜாஸ்தியானா வெளிச்சத்த பாத்து எடுக்கும்போது படம் முழுக்க பால் ஊத்தின மாதிரி மங்கும். வந்ததுக்கு அப்புறம் வெளியில இருந்து ஒண்ணும் செய்ய முடியாது, வராம பாத்துக்கறதுதான். காத்து புகாத டப்பால சிலிக்கா ஜெல் போட்டு வைங்க, 40-ல இருந்து 50 சதவீதம் ஈரப்பதம் நல்லது. தோல் உறைக்குள்ள வெச்சு பூட்டி வெக்கறது பாதுகாப்புன்னு நெனைக்கறோம், அந்த உறைதான் ஈரத்த புடிச்சு வெக்குது. எங்க அக்கா வெறும் பருத்தி துணில சுத்தி வெச்சிருந்ததாலதான் இந்த லென்ஸ் தப்பிச்சுதுன்னு நெனைக்கறேன்.

எடுக்கற போட்டோ எல்லாம் ஆடிப்போயி வருது, கேமரா சரியில்லன்னு சொல்றவங்க மொதல்ல மேக்ரோ மோடு, அந்த பூ படம், ஆன்ல இருக்கான்னு பாருங்க, அதுல இருந்தா தூரத்துல இருக்கறதுக்கு ஃபோகஸ் கெடைக்காது. ரெண்டாவது, போன்ல எடுக்கற பழக்கத்துல பட்டன ஒரே அமுக்கா அமுக்கறோம். இதுல பாதி அமுக்கி, பச்சை கட்டம் வந்து பீப் கேட்டதுக்கு அப்புறம்தான் முழுசா அமுக்கணும். அக்கா பொண்ணுக்கு இது பழக ரெண்டு நாள் ஆச்சு, பழகினதும் அவ எடுக்கறது என்னுத விட நல்லா வருது. வெளிச்சம் கம்மியான எடத்துல ஐஎஸ்ஓ, அதான் வெளிச்சத்துக்கான உணர்திறன் அளவு, 400-க்கு மேல போகாதீங்க, இதோட சென்சார் அகலமே 6 மி.மீ கிட்டதான், பெரிய கேமராக்கள்ல வர்ற ஃபுல் ஃபிரேம் சென்சார் 36 மி.மீ, அவ்வளவு சின்ன எடத்துல விழற வெளிச்சம் பத்தாம புள்ளி புள்ளியா அடிக்கும். எங்கயாவது வெச்சுட்டு 2 செகண்ட் டைமர் போட்டு ஐஎஸ்ஓ 80-லயே எடுத்து பாருங்க, அசந்து போவீங்க. ஃபிளாஷ் 3 மீட்டர் சொச்சம்தான் எட்டும், மேடையில நடக்கறத கடைசி வரிசையில இருந்து ஃபிளாஷ் போட்டு எடுத்தா முன்னாடி உக்காந்திருக்கறவங்க தலைதான் வரும்.

சரி, கேமரா எப்படி இருக்குன்னு சொல்லணும்ல. வெயில்ல எடுத்தா எனக்கு ரொம்ப புடிச்சிருக்கு. தோல் நெறம் தோல் மாதிரியே வருது, நிழல் நிழலாவே இருக்கு, போன் மாதிரி எல்லாத்தையும் வெளிச்சம் போட்டு காட்டறதில்ல. சிசிடி சென்சார்னாலதான் இந்த கலர்னு நெறைய பேர் சொல்றாங்க, எனக்கு அதுல முழு உடன்பாடு இல்ல, அந்தந்த கம்பெனி ஜேபெக் படத்த உள்ள பதப்படுத்தற விதமும் அந்த நேரான ஃபிளாஷும்தான் பெரிய காரணம்னு தோணுது, ஒரே காலத்து ரெண்டு சிசிடி கேமராவ பக்கத்து பக்கத்துல வெச்சு எடுத்தாலே ரெண்டும் வேற வேற மாதிரிதான் வருது. ஆப்டிகல் ஜூம் நெசமான ஜூம், முழுசா இழுத்தாலும் படம் கலங்கறதில்ல. 7.1 மெகாபிக்சல்னா 3072-க்கு 2304, ஆல்பத்துக்கு பிரிண்ட் போட தாராளம், 10 இன்ச் அகலம் வரைக்கும் கூட சுத்தமா வருது, அப்பா போட்டோ ஒண்ண நான் அப்படி போட்டு மாட்டியிருக்கேன்.

குறைன்னு பாத்தா வீடியோ 640-க்கு 480தான், அதுவும் ஒரு ஜிபிக்கு பத்து நிமிஷம் கூட வராது, இன்னைக்கு பாக்க கஷ்டமாதான் இருக்கு. ராத்திரி போட்டோக்கு போன்தான். ஃபிளாஷ் போட்டா அடுத்த போட்டோக்கு அஞ்சாறு செகண்ட் காத்திருக்கணும், ஓடற கொழந்தைங்கள எடுக்கறவங்களுக்கு இது ஒத்து வராது. ஜூம் லீவர் எப்பயாவது ஒட்டிக்குது, ஆஃப் பண்ணிட்டு இருபது முப்பது தடவ இப்படியும் அப்படியும் ஆட்டினா சரியாயிடுது.

யாராவது பழசு வாங்கறீங்கன்னா உங்க கையில சார்ஜ் பண்ணின பேட்டரியும் 2 ஜிபி கார்டும் எடுத்துட்டு போங்க. ஆன் பண்ணி லென்ஸ் தடையில்லாம வந்து போகுதான்னு அஞ்சு தடவ பாருங்க, ஜூம் ரெண்டு முனைக்கும் ஓட்டுங்க, ஃபிளாஷ் அடிச்சு ஒண்ணு, ஃபிளாஷ் இல்லாம ஒண்ணு, வெள்ளை சுவத்த பாத்து ஒண்ணு எடுங்க, டார்ச் அடிச்சு லென்ஸுக்குள்ள பாருங்க, பேட்டரி மூடி இறுக்கமா நிக்குதான்னு கண்டிப்பா பாருங்க. சார்ஜர் இல்லாம குடுத்தா அதுக்கு தனியா அலையணும், அதையும் கணக்குல வெச்சுக்கங்க.

5-க்கு 4 ஸ்டார் குடுக்கறேன். ஒண்ணு குறைச்சது அந்த பேட்டரி மூடி மூக்குக்காக. இவ்வளவு வருஷம் கழிச்சும் லென்ஸ், சென்சார், ஸ்கிரீன் எல்லாம் நல்லா இருக்கற ஒரு பொருள, நகக்கண் அளவு பிளாஸ்டிக்ல தொங்க விட்டிருக்காங்க, அத இன்னும் கொஞ்சம் தடியா செஞ்சிருக்கலாம். நான் ஒட்டின துண்டு இப்ப மூணு மாசமா நிக்குது, விழுந்தா மறுபடி ஒட்டிட்டு இங்கயே வந்து எழுதறேன்.